லயத்துக்கு ஏது நம்பர்? மலையகத்தில் எட்டு நாள்

ஜூன் 19, 2025, வியாழன். திருச்சி, கொழும்பு

விடியற்காலையில் திருச்சி லாட்ஜில் டீவியைப் போட்டதும், ஈரானில் படித்துக்கொண்டிருந்த நம் மாணவர்கள் 110 பேர் ஆர்மீனியா வழியாக டெல்லியில் வந்து இறங்கிய காட்சி ஓடியது. பெற்றவர்கள் ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறார்கள். அம்மா காப்பியை ஆறவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம், "நாம இப்பப் போய்த்தான் ஆகணுமா?" என்று கேட்டார்.

ஜூன் 13ஆம் தேதி இஸ்ரேல் ஈரானைத் தாக்கியதில் இருந்து கோத்தகிரியில் எல்லாரும் இதையேதான் கேட்டார்கள். ஏற்கெனவே மே மாதம் இலங்கைக்கு, சித்தி வீட்டுக்குப் போவதாக இருந்தோம். அப்போது பாகிஸ்தானோடு நம் எல்லையில் சண்டை வந்து, வடக்கிலும் மேற்கிலும் 32 விமான நிலையங்களை மூடிவிட்டார்கள். திருச்சிக்கு ஒன்றும் இல்லைதான். ஆனாலும் சித்தி போனில், "அவசரம் இல்ல அக்கா, அமைதியானதும் வாங்க" என்று சொல்லிவிட்டார். இனியும் தள்ளிப்போட அம்மாவுக்கு வயது இடம் கொடுக்காது. 68 ஆகிறது.

அம்மா இலங்கையின் மலையகத்தில், நோர்வூட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1964 அக்டோபர் 30இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மலையகத்து மக்களைப் பிரித்தது. அப்பா குடும்பத்துக்கு இந்திய பாஸ்போர்ட் வந்தது. அம்மா பிறந்த வீடு இலங்கைக் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்திருந்தது. 1976இல் அம்மா தலைமன்னாரில் கப்பல் ஏறியபோது சித்திக்கு 12 வயது. அதற்குப் பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது போனில்தான்.

பயப்படுவதற்கு முன்னால் நான் வரைபடத்தைப் பார்த்தேன். திருச்சியில் இருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒரு மணி நேரம். சண்டை நடக்கும் இடத்துக்கும் அந்த வழிக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் எங்கள் குடும்பத்துக்குச் சம்பந்தம் உண்டு. சித்தியின் மகள், என் தங்கச்சி, கத்தாரில் தோஹாவில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். மூன்று வருடம் கழித்து லீவில் வருகிறாள். திங்கள் இரவு அவளுக்கு விமானம்.

கிளம்புவதற்கு முன் செய்தவற்றைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக எடுத்தேன். பயணக் காப்பீட்டை முழுதாகப் படித்தேன். போர், படையெடுப்பு, கலவரம் ஆகியவற்றால் வரும் நஷ்டத்துக்குப் பணம் கிடையாது என்று சின்ன எழுத்தில் இருந்தது. பெரும்பாலான காப்பீடுகளில் இப்படித்தான். காய்ச்சலுக்கும் கால்முறிவுக்கும் அது உதவும், போரால் பயணம் நின்றால் நம் கைக்காசுதான். அதனால் நான்கு நாள் கூடுதலாகத் தங்க நேர்ந்தால் ஆகும் செலவைத் தனியாக எடுத்து வைத்தேன். அம்மாவின் பிரஷர் மாத்திரை இரண்டு வாரத்துக்குக் கூடுதலாக. எங்கள் பாஸ்போர்ட், டிக்கெட் நகல்கள் கோத்தகிரியில் அண்ணனிடம்.

ஒரே ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டேன். இலங்கைக்கான இடிஏ என்ற ஆன்லைன் பயண அனுமதி விண்ணப்பத்தில் தங்கும் விலாசம் கேட்டார்கள். சித்தியிடம் கேட்டால், "தோட்டத்துப் பேரப் போடு, நோர்வூட்னு போடு. லயத்துக்கு ஏது நம்பரு?" என்றார். லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். கட்டுநாயக்க விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரியும் அதைத்தான் கேட்டார். தோட்டத்தின் பெயரைச் சொன்னதும் தலையாட்டிவிட்டு முத்திரை குத்தினார். வெளியே வந்த பிறகும் அந்தக் கேள்வி மனதில் நின்றது. ஏதாவது ஆகிவிட்டால் எங்களை எங்கே என்று தேடுவார்கள்?

ஜூன் 20, வெள்ளி. கொழும்பு கோட்டை முதல் ஹட்டன் வரை

காலை எட்டரை மணி ரயில், உடரட்ட மெனிகே. ரம்புக்கனையில் இருந்து ரயில் மலை ஏறத் தொடங்கியதும் அம்மா பேச்சை நிறுத்திவிட்டார். கடுகண்ணாவ, கம்பளை, நாவலப்பிட்டி என்று ஒவ்வொரு ஸ்டேஷன் பெயரையும் பலகையைப் படிக்காமலே முன்கூட்டிச் சொன்னார். வட்டவளையில் மழை பிடித்தது.

எதிர் இருக்கையில் கொட்டகலைக்காரப் பெண் ஒருவர். அவருடைய தம்பி இஸ்ரேலில் கட்டட வேலைக்குப் போயிருக்கிறார். இந்த நாட்களில் எப்படித் தூங்குகிறீர்கள் என்று கேட்டேன். "தம்பி போன்லயே சைரன் சத்தம் வரும் அக்கா. வந்தவொடன பங்கருக்குள்ள போயிடணும். எங்களுக்கும் பழகிப்போச்சு. அவன் 'வெளிய வந்துட்டேன்'னு ஒரு மெசேஜ் போடுவான். அது வர்ற வரைக்கும் போன கையில வச்சிருப்பேன்" என்றார். அதே போன் அப்போதும் அவர் கையில்தான் இருந்தது.

இரண்டு மணி வாக்கில் ஹட்டன். பிளாட்பாரத்தில் சித்தி நின்றார். 49 வருடம். அதைப் பற்றி எழுத இன்று என்னால் முடியவில்லை.

ஜூன் 21, சனி. நோர்வூட் பக்கம்

இரவு முழுக்கத் தகரத்தில் மழை. தென்மேற்குப் பருவம் இந்தப் பக்கத்து மலைகளில்தான் முதலில் மோதுகிறது. காலையில் சித்தப்பா குடையோடு லயத்தின் பின்பக்கம் போய் மண் மேட்டைப் பார்த்துவிட்டு வந்தார். மேட்டில் விரிசல் விட்டிருக்கிறதா, ஊற்றுத் தண்ணீர் கலங்கலாக வருகிறதா என்று மழை நாட்களில் தினமும் பார்ப்பாராம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு மூன்று நிறத்தில் எச்சரிக்கை விடுகிறது. மஞ்சள் என்றால் கவனம், செம்மஞ்சள் என்றால் கிளம்பத் தயார், சிவப்பு என்றால் வெளியேறு. 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போன பிறகு, இங்கே யாரும் அந்த நிறங்களை அசட்டை செய்வதில்லை. மழைக்காலத்தில் மலையகத்துக்கு வருகிறவர்கள் 117ஐ போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள், அது அனர்த்த முகாமைத்துவ நிலையம், அதாவது பேரிடர் மேலாண்மை மையம். ஆம்புலன்ஸுக்கு 1990, போலீஸுக்கு 119.

மழையில் வெளியே போக வழியில்லை. தேங்காய் ரொட்டியும் கட்டா சம்பலும் பிளேன்டீயுமாக அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தோம். பேச்சு தோஹாவுக்குப் போனது, அங்கிருந்து குவைத்துக்குப் போனது. சித்தி குவைத்தில் இருந்தவர் என்று எனக்குத் தெரியும். எப்படித் திரும்பி வந்தார் என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது.

1989இல், 25 வயதில், வீட்டு வேலைக்குப் போயிருக்கிறார். போவதற்கு முதல் நாள் டிக்கோயாவில் இருந்து வந்த ஒரு அக்கா, அவர் ஏற்கெனவே போய்த் திரும்பியவர், ஒரு விஷயம் சொன்னாராம். "பாஸ்போர்ட்ட அவங்க வாங்கி வச்சிக்குவாங்க. நம்பர நீ வச்சிக்க. பேப்பர்ல எழுதாத, நனஞ்சிரும்." சித்தி ஒரு வெள்ளைத் துணியில் பாஸ்போர்ட் நம்பர், தன் பெயர், அப்பா பெயர், தோட்டத்துப் பெயர், நோர்வூட், இவ்வளவையும் கறுப்பு நூலால் தைத்து, அந்தத் துணியை உள்பாவாடையின் மடிப்புக்குள் வைத்துத் தைத்துவிட்டார்.

1990 ஆகஸ்ட் 2ஆம் தேதி ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தது. அன்றைக்குக் குவைத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் இலங்கையர்கள் இருந்தார்கள், அதில் பெரும்பாலோர் வீட்டு வேலைப் பெண்கள். சித்தி இருந்த வீட்டுக்காரர்கள் சவூதிப் பக்கம் காரில் போய்விட்டார்கள். "சாவியக் குடுத்துட்டு, வீட்டப் பாத்துக்கன்னாங்க. எம் பாஸ்போர்ட்டு எங்கன்னு கேக்கக்கூட நேரமில்ல" என்றார் சித்தி. குரலில் கோபம் இல்லை.

அந்தத் தெருவில் இருந்த மலையகத்துப் பெண்ணொருவர், கண்டிப் பக்கத்துச் சிங்களப் பெண்கள் இரண்டு பேர், சித்தி, நான்கு பேரும் ஒரே வீட்டில் சேர்ந்திருக்கிறார்கள். சித்தி இதை இரண்டு முறை சொன்னார்: தனியாக இருக்கவில்லை. அரிசியையும் தண்ணீரையும் கணக்குப் போட்டுச் செலவழித்திருக்கிறார்கள். தூதரகத்தில் ஆட்களைப் பதிகிறார்கள் என்று கேள்விப்பட்டு நான்கு பேரும் போய்ப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். பிறகு பஸ். பஸ்ரா, பாக்தாத் வழியாக ஜோர்தான் எல்லை. பாலைவனத்தில் கூடாரம். பகலில் வெயில், இரவில் குளிர், தண்ணீருக்கு வரிசை. இந்தியர்களும் அதே வழியாகத்தான் வந்தார்கள். ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேரை அம்மானில் இருந்து விமானங்களில் ஏற்றிக் கொண்டுவந்தது நம் நாடு.

அம்மானில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த இலங்கை அதிகாரி பாஸ்போர்ட்டைக் கேட்டபோது, பலரும் அழத் தொடங்கியிருக்கிறார்கள். சித்தி மறைவாகப் போய் மடிப்பைப் பிரித்து, துணியை மேசையில் வைத்திருக்கிறார். நம்பர் இருந்ததால் ஆளைச் சரிபார்த்துத் தற்காலிகப் பயணப் பத்திரம் எழுதுவது சுலபமாகிவிட்டது. கூட வந்த மூவரில் ஒருவருக்கு நம்பர் தெரியாது. அவர் இன்னும் ஒன்பது நாள் கூடாரத்தில் இருந்தாராம். சித்தி உயிரோடு இருப்பதாகக் கொடுத்த தந்தி, தோட்டத்து ஆபீசுக்கு வந்து, லயத்துக்கு வந்து சேர மூன்று நாள் பிடித்திருக்கிறது. அதற்குள் அவர் அம்மா, என் அம்மாயி, சாப்பிடாமல் கிடந்து படுத்த படுக்கையாகிவிட்டார்.

பிறகு ஐ.நா. இழப்பீட்டு ஆணையம் குவைத்தில் இருந்து வெளியேறிய தொழிலாளர்களுக்குப் பணம் கொடுத்தது, ஆளுக்கு 2,500 டாலரோ 4,000 டாலரோ. அந்த நாட்களில் அங்கே இருந்ததற்கு அத்தாட்சி வேண்டும். சித்தியிடம் விமான டிக்கெட்டின் அடிக்கட்டை இருந்தது. அந்தப் பணத்தில்தான் இந்த வீட்டுக்குப் பின்னால் ஒரு அறை இறக்கியிருக்கிறார்கள்.

துணி இப்போதும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. தொட்டுப் பார்த்தேன். நூல் நிறம் மங்கியிருக்கிறது, எண்கள் தெளிவாக இருக்கின்றன.

ஜூன் 22, ஞாயிறு. ஹட்டன்

காலையில் எழுந்ததுமே செய்தி. அமெரிக்கா ஈரானின் மூன்று அணு நிலையங்களில் குண்டு போட்டுவிட்டது. வளைகுடாவில் அமெரிக்கப் படைத் தளங்கள் இருக்கின்றன, அவற்றில் பெரியது கத்தாரில். சித்தப்பா ரேடியோவை அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்துவிட்டார்.

டவுனுக்குப் போனோம். பெட்ரோல் செட்டில் மோட்டார் சைக்கிள்களும் ஆட்டோக்களும் வளைவு வரைக்கும் நின்றன. 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டில் நாள் கணக்கில் வரிசையில் நின்றவர்கள் இவர்கள். எண்ணெய் வரும் கடல் வழியில் சண்டை என்றால் முதலில் தங்களுக்குத்தான் அடி விழும் என்று தெரிந்து வைத்திருக்கிறார்கள். நான் வங்கி மெஷினில் இன்னும் கொஞ்சம் பணம் எடுத்தேன். யுபிஐ இலங்கையில் 2024 பிப்ரவரியில் இருந்தே செல்லும். ஆனால் நோர்வூட் பக்கத்துப் பெட்டிக்கடையில் நோட்டுதான் வேண்டும்.

மதியம் தங்கச்சியிடம் வீடியோவில் ஒரு மணி நேரம் பேசினோம். சித்தி கேட்ட முதல் கேள்வி, "பாஸ்போர்ட் யார் கையில?" வீட்டுக்காரரின் அலமாரியில் இருந்ததாம், வெள்ளிக்கிழமையே கேட்டு வாங்கிவிட்டாளாம். கத்தார் சட்டப்படி தொழிலாளியின் பாஸ்போர்ட்டை முதலாளி வைத்துக்கொள்ளக் கூடாது. இருந்தாலும் "பத்திரமா இருக்கட்டும்" என்று வைத்துக்கொள்கிற வீடுகள் நிறைய, கேட்கத் தயங்குகிற பெண்களும் நிறைய. நீங்கள் கேளுங்கள். சண்டை வந்த பிறகு கேட்க நேரம் கிடைக்காது என்பதைச் சித்தி நேற்றுத்தான் சொன்னார்.

அப்புறம் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். பாஸ்போர்ட், கத்தார் ஐடி, டிக்கெட் மூன்றின் படமும் எங்கள் மூன்று போன்களுக்கு வந்தன. ஐடி செல்லுபடியாகும் நாள் இன்னும் எட்டு மாதம் இருக்கிறது, லீவில்தான் வருகிறாள். அதனால் விமானம் நின்றுபோனாலும் அவள் சட்டப்படி ஊருக்குள் திரும்பலாம். விசாவை ரத்துசெய்துவிட்டு வருகிறவர்களுக்கு இந்தப் பிடி இல்லை, அவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ரியாலாகக் கொஞ்சம் பணம் கைப்பையில், பெரிய பெட்டியில் அல்ல. சார்ஜர், பவர்பேங்க், மாத்திரை, ஒரு மாற்று உடை, எல்லாம் கைப்பையில். விமான கம்பெனியின் செயலியில் தன் சொந்த நம்பரைக் கொடுத்திருக்கிறாளா? இல்லை, ஏஜென்ட் நம்பர் இருந்தது. அதை மாற்றினாள். எதைப் பார்த்தாலும் படம் எடுக்காதே, வந்த வீடியோவை யாருக்கும் அனுப்பாதே என்றேன். வளைகுடா நாடுகளில் அதற்கே கைது செய்வார்கள்.

தோஹாவில் உள்ள இலங்கைத் தூதரகத்துக்கு அவள் விவரங்களை அனுப்பும்போது மறுபடியும் அதே கேள்வி: இலங்கை விலாசம்? அவளுடைய 15 வயது மகன் போனை வாங்கி, மேப்பில் இந்த லயத்தைத் தேடி, கூரையின் மேல் புள்ளி வைத்து, "இத அனுப்புங்க பெரியம்மா" என்றான். மேலே இருந்து பார்த்தால் பச்சைக்கு நடுவே ஒரு நீளத் தகரக் கோடு. அதில் ஏழாவது வீடு.

ஒரு ஏற்பாடும் செய்துகொண்டோம். இலங்கை நேரம் காலை ஏழு, மாலை ஏழு. இரண்டு வேளையும் சித்தி போனுக்கு ஒரு வரி அனுப்ப வேண்டும். மற்றவர்கள் யாரும் அவளைக் கூப்பிடக் கூடாது, சித்தியிடம்தான் கேட்க வேண்டும். பத்துப் பேர் மாறி மாறிக் கூப்பிட்டால் அவள் சார்ஜ்தான் தீரும்.

சித்தி கடைசியாக, "நம்பர துணியில தச்சுக்கம்மா" என்றார். தங்கச்சி, "எல்லாம் போன்லயே இருக்கும்மா" என்றாள்.

டெஹ்ரானில் உள்ள நம் இந்தியத் தூதரகம், நேபாள, இலங்கை அரசுகள் கேட்டுக்கொண்டதால் அவர்களுடைய மக்களையும் சேர்த்து வெளியேற்றுவதாக நேற்று அறிவித்திருக்கிறது. சித்தியிடம் சொன்னேன். அவர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஜூன் 23, திங்கள் இரவு

இதைச் செவ்வாய் காலையில் எழுதுகிறேன்.

மாலை ஏழுக்குச் சரியாகச் செய்தி வந்தது: "ஏர்போட் வந்துட்டேன்." அவள் விமானம் தோஹா நேரம் இரவு எட்டுக்கு, நமக்குப் பத்தரை. அதிகாலை மூன்றரை வாக்கில் கட்டுநாயக்கவில் இறங்க வேண்டும். இங்கிருந்து ஐந்து மணி நேரம் என்பதால் ஒன்பதரைக்கு வேன் சொல்லியிருந்தோம். கோழிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் இரண்டும் புதுச் சட்டை போட்டுவிட்டார்கள்.

அதற்குள், தோஹாவில் உள்ள அமெரிக்கத் தூதரகம் தன் மக்களை இருக்கும் இடத்திலேயே பத்திரமாக இருக்கச் சொல்லியிருக்கிறது என்று செய்தி வந்தது. இப்படிப்பட்ட அறிவிப்புகளை எல்லா நாட்டவரும் பார்க்க வேண்டும். காரணம் சொல்ல மாட்டார்கள், ஆனால் காரணம் இல்லாமல் சொல்லவும் மாட்டார்கள்.

ஒன்பதேகாலுக்குக் கத்தார் வான்வெளியை மூடிவிட்டார்கள். மகன் விமானங்களைக் காட்டும் செயலியைத் திறந்து வைத்திருந்தான். தோஹா நோக்கிப் போன மஞ்சள் விமானங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. அவன் எதுவும் பேசாமல் என்னிடம் காட்டினான். லயத்துக்குள் சிக்னல் ஒரு கோடுதான். குடையைப் பிடித்துக்கொண்டு கோயில் மேட்டுக்கு ஏறினோம், நானும் அவனும் சித்தியும்.

பத்து மணிக்குப் பிறகு செய்தி: "வெளிய பெரிய சத்தம். நாங்க உள்ள இருக்கம். கண்ணாடிய விட்டுத் தள்ளி வந்துட்டம்." ஈரான், கத்தாரில் உள்ள அமெரிக்கப் படைத் தளமான அல் உதெய்த்தை நோக்கி ஏவுகணைகளை விட்டிருந்தது. சித்தி திருப்பி எழுதச் சொன்னது ஒரே வரி: "தனியா நிக்காத. நம்ம ஆளுங்களோட நில்லு."

கீழே வந்தால் வீட்டு வாசலில் கூட்டம். பக்கத்து லயத்துத் தம்பி போனில் ஒரு வீடியோ, விமான நிலையம் எரிகிறது. தங்கச்சியின் மகள், ஒன்பது வயது, அதைப் பார்த்துவிட்டு அலறிவிட்டாள். போனை வாங்கிப் பார்த்தேன். வீடியோவில் பளிச்சென்று வெயில். தோஹாவில் தாக்குதல் நடந்தபோது பொழுது சாய்ந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அதைச் சொன்னதும் அந்தத் தம்பி உடனே அழித்துவிட்டு, பாப்பாவிடம் மன்னிப்புக் கேட்டார். வேண்டுமென்று செய்தவர் இல்லை. நாம் பயந்த நேரத்தில் வருகிற படத்தை, அங்கே இப்போது பகலா இரவா என்றாவது பார்த்துவிட்டு நம்ப வேண்டும்.

வேன் வந்து நின்றது. சித்தப்பா, "போயிருவோம், அங்க போய்ப் பாத்துக்கலாம்" என்றார். தகப்பன் மனம் எப்படித் தாங்கும்? ஆனால் வராத விமானத்துக்காக, இந்த மழையில், கினிகத்தேனை வளைவுகளில் ராத்திரி வண்டி ஓட்டுவதா? எங்களுக்கு அன்றிரவு இருந்த நிஜமான ஆபத்து ஏவுகணை இல்லை, அந்த ரோடுதான். வேன்காரரும் அதையே சொன்னார். அவருக்கு டீ கொடுத்துப் படுக்க வைத்தோம்.

பதினொன்றரைக்குத் தங்கச்சியிடம் இருந்து, "சார்ஜ் 14. பவர்பேங்க் கூட இருக்க புள்ளைக்குக் குடுத்துட்டேன். இனி ஏழு மணிக்குத்தான்." கொடுத்தது சரிதான். சித்தியும் அப்படித்தான் சொன்னார். ஆனாலும் அதற்குப் பிறகு வந்த மணி நேரங்கள் நீண்டுகொண்டே போயின. அம்மாவும் சித்தியும் ஒரே போர்வைக்குள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். தந்தி வராத அந்த மூன்று நாளைப் பற்றி அம்மா கேட்டார். சித்தி, அப்போது தான் அங்கே இருந்ததால் இங்கே நடந்தது தெரியாது என்றார். "இப்பத்தான் அக்கா தெரியுது, அம்மா எப்படிக் கெடந்திருக்கும்னு."

இரண்டே முக்காலுக்கு வான்வெளியைத் திறந்தார்கள். உயிர்ச்சேதம் இல்லை என்றார்கள். கொஞ்ச நேரத்தில் போர்நிறுத்தம் என்றும் செய்தி வந்தது. அதை நம்புவதா வேண்டாமா என்று தெரியாமல் அப்படியே இருந்தோம். ஏழு அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது சித்தி போன் ஒலித்தது. "நல்லாருக்கேன் அம்மா."

ஜூன் 24, செவ்வாய்

அவளுக்குப் புதன் இரவு விமானத்தில் இடம் கிடைத்திருக்கிறது. பெரிய வரிசையாம், ஆனால் சண்டை போடாமல் நின்று, விமானம் ரத்து என்று எழுதிய சீட்டையும் கேட்டு வாங்கியிருக்கிறாள். அந்தச் சீட்டு முக்கியம். பிறகு வீட்டுக்காரருக்கோ, வேலைவாய்ப்புப் பணியகத்துக்கோ, காப்பீட்டுக்கோ எதைக் காட்டுவது? குடிவரவில் வெளியேறும் முத்திரையை ரத்துசெய்து உள்ளே விட்டார்கள். பண்டாரவளைப் பெண் ஒருத்தியின் அறையில் தங்குகிறாள்.

தூதரக எண் இரவு முழுக்க பிஸி என்றாள். அப்படித்தான் இருக்கும், ஒரே நேரத்தில் எல்லாரும் கூப்பிட்டால். அதனால்தான் பெயரையும் எண்ணையும் இடத்தையும் முன்கூட்டியே எழுத்தில் கொடுத்து வைக்க வேண்டும். இலங்கையில் இருக்கும் குடும்பங்கள் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தை 1989 என்ற எண்ணில் கூப்பிடலாம்.

கோழிக் குழம்பை இன்று பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுத்தோம்.

ஜூன் 25, புதன். கண்டி

எல்லாரும் ஒரே வேனில் கிளம்பினோம், பகலில். கண்டியில் நம் உதவித் தூதரகத்தை அம்மா பார்க்க வேண்டும் என்றார். யாழ்ப்பாணத்திலும் அம்பாந்தோட்டையிலும் இருப்பவை 2010இல் வந்தவை. கண்டியில் இருப்பது தோட்டத்து மக்களுக்காகவே வெகுகாலமாக இருப்பது. 1976இல் இங்கே வந்துதான் பாஸ்போர்ட் வாங்கினாராம், 19 வயதில், அப்பா பக்கத்தில் நிற்க. கட்டடம் அடையாளம் தெரியவில்லை. ரோட்டின் எதிர்ப்பக்கம் கொஞ்ச நேரம் நின்றார். நான் இங்கே அலுவலகத்தின் அவசர எண்ணைக் குறித்துக்கொண்டேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை.

ஜூன் 26, வியாழன். கட்டுநாயக்க, திருச்சி

அவள் இறங்கியது அதிகாலை நான்கு மணிக்கு. எங்கள் விமானம் காலையில். நடுவே இரண்டு மணி நேரம் கிடைத்தது. பிள்ளைகள் அவளை விடவே இல்லை. சித்தி அவள் முகத்தை, கையை, எல்லாவற்றையும் தடவிப் பார்த்தார். அப்போதுதான் அவள் சால்வையின் ஓரத்தை விரித்துக் காட்டினாள். சார்ஜ் 14 என்று எழுதிய பிறகு, கவுண்டரில் பேனா வாங்கி, ஓரத்துத் துணியில் எழுதியிருக்கிறாள்: பாஸ்போர்ட் நம்பர், பெயர், சித்தியின் போன் நம்பர், தோட்டத்தின் பெயர், நோர்வூட், ஏழாவது வீடு. பேனா மை கொஞ்சம் பரவியிருந்தது. "வீட்டுக்குப் போய் நூல்ல தச்சுத் தர்றேன்" என்றார் சித்தி.

பிரியும்போது அம்மாவும் சித்தியும் அழவில்லை. அடுத்த வருடம் சித்தி கோத்தகிரிக்கு வருவதாகப் பேச்சு. எங்கள் விலாசத்தைக் கதவு எண்ணோடு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அதை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார்.

திருச்சியில் இறங்கி, பஸ்ஸில் கரூர் தாண்டும்போது இருட்டிவிட்டது. அம்மா தூங்கவில்லை. மணி ஏழு ஆனதும் பையில் இருந்து போனை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார்: "கரூர் தாண்டிட்டோம் பாப்பா. நீங்க?"

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. ஹட்டன் தாண்டிவிட்டார்களாம், மழை இல்லையாம்.